அறுந்துபோக வேண்டிய நூல்

1

இந்தக் கதை என் மோட்டார் சைக்கிள் சீட்டு கிழிந்ததால் கிடைத்தது. இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றைச் சொல்ல ஆசைதான். [வானத்தைப் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. அதில் ஒரு கழுகும் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டேன்.]

ஈப்போவில், புந்தோங் பக்கம், ஜோசலின் ஒரு குஷன் கடை நடத்துகிறார்.* கார் சீட்டு, மோட்டார் சீட்டு, சோபா என்று எதற்கும் உறை தைத்துக் கொடுப்பார். நான் போன காலையில் கடையின் கூரை இரும்பிலிருந்து அலுமினியக் குழாய் ஒன்று செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. குழாய்க்கு ஒரு கறுப்பு ரப்பர் உறை, அதன் மேல்விளிம்பில் நூல் தையல். உறையிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் முனையில் அரிசிச் சாக்கு. ஜோசலின் சாக்குக்குள் செங்கற்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்.

படீரென்று ஒரு சத்தம். உறை குழாயில் வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. சாக்கு தரையில் விழுந்தது. செங்கல் ஒன்று என் செருப்புவரை உருண்டு வந்தது.

"அறுந்துருச்சு!" என்று ஜோசலின் கத்தினார். சந்தோஷத்தில்.

எனக்கு என் சீட்டின் ஞாபகம் வந்தது. "என் மோட்டாருக்கும் இந்த நூலுதான் போடப்போறியாம்மா?"

"சே, உங்களுக்கு ரெண்டு எரும கட்டி இழுத்தாலும் அறுகாத நூலு அண்ணே. இது வேற."

"இது யாருக்கு?"

"என் தம்பிக்கு."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் அறுகாத நூல், கூடப்பிறந்தவனுக்கு மட்டும் அறுகிற நூல். சீட்டை விட்டுவிட்டுப் போய்ப் பிறகு வரச் சொன்னார். நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

* கடைக்காரராக இருக்கும்வரை ஜோசலின் எனக்கு 'அவர்'. கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுவாள். தமிழில் கதை எழுதுகிற எல்லோரும் இந்த மரியாதைக் குறைவைக் கூச்சமில்லாமல் செய்கிறோம். இந்தப் பக்கங்களை அவளுக்குப் படித்துக் காட்டியபோது கேட்டாள்: "கடைல 'அம்மா', பேப்பர்ல 'அவ'ளா?" 

2

ஹேங் கிளைடர் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். அது எஞ்சின் இல்லாத ஒரு பெரிய முக்கோணச் சிறகு. அதன் அடியில் பைலட் குப்புறப் படுத்த நிலையில் வார்களில் தொங்குவார். முகத்துக்கு முன்னால் அலுமினியக் குழாய்களால் ஆன ஒரு முக்கோணச் சட்டம் இருக்கும். பறக்கும்போது அடிக்குழாயைப் பிடித்து, உடம்பை நகர்த்தித் திசை மாற்றுவார். இறங்கும்போது நிமிர்ந்து, இரண்டு பக்கக் குழாய்களையும் பிடித்துக்கொண்டு, கடைசி நொடியில் முழு பலத்தோடு முன்னால் தள்ள வேண்டும். மூக்கு மேலே தூக்கும். பிரேக் போட்டதுபோல் சிறகு நிற்கும். கால் தரையைத் தொடும்.

இது பிசகினால் சட்டம் மண்ணில் குத்தி நிற்கும். மனிதன் நிற்க மாட்டான். அவன் உடம்பு சட்டத்துக்குள் புகுந்து முன்னால் பாயும். குழாயைப் பிடித்த கைகள் மட்டும் பின்தங்கும். மேல்கை எலும்பு முறுக்கிக்கொண்டு உடையும். தலைக்கு ஹெல்மெட் இருக்கிறது. முதுகுக்குப் பஞ்சு வைத்த உறை இருக்கிறது. நெஞ்சருகே அவசரப் பாராசூட் இருக்கிறது. கைக்கு இருப்பது ஓர் அறிவுரை: விழப்போகிறாய் என்று தெரிந்தால் குழாயை விட்டுவிடு.

விழுந்துகொண்டிருப்பவனிடம் எதையாவது விடச் சொல்லிப் பாருங்கள்.

ஜோசலினின் தம்பி பெயர் கோலின். ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காக, மோதிய கார்களைப் பார்த்துச் சேதம் மதிப்பிடுவது அவன் வேலை. வாரமெல்லாம் நொறுங்கிய முன்பக்கங்களைப் படம் எடுத்துவிட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் சிலிம் ரிவர் பக்கம் ஓடிவிடுவான். அங்கே பழைய கித்தாத் தோட்டம் (ரப்பர் தோட்டம்) ஒன்றின் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. தொலைபேசிக் கோபுரத்துக்காகப் போட்ட தார்ச்சாலை உச்சிவரை போகிறது. கீழே, கித்தா மரங்களை வெட்டி, வீடு கட்டுவதற்காகச் சமன்படுத்திய நிலம். வீடுகள் வரவில்லை. வீடு வாங்கப்போகும் குடும்பம் ஒன்று மட்டும் விளம்பரப் பலகையில் வருஷக்கணக்காகச் சிரித்துக்கொண்டிருக்கிறது. கோலினுக்கு அதுதான் விமான நிலையம்.

விபத்தை எப்படித் தொடங்குவது?

முதல் முயற்சி: "காற்று திரும்பியபோது கோலினின் மனதில்"

இரண்டாவது: "விளம்பரப் பலகையின் நிழல் நீண்டுகொண்டிருந்த அந்த"

இரண்டையும் பாதியிலேயே நிறுத்தினேன். அவன் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நிழலையும் நான் பார்க்கவில்லை. பார்த்தவன் தீபன். கோலினோடு ஒரே வகுப்பில் படித்தவன், கிளைடரைப் பிக்-அப்பில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோகிறவன், பிறகு கீழே வந்து வாக்கி-டாக்கியில் காற்று எப்படி என்று சொல்கிறவன். அவனே சொல்லட்டும்.

"ரொம்ப வேகமா வாரான் அண்ணே. காத்து பின்னாலேருந்து தள்ளுது. மூக்கு குத்தப்போவுதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்ப நான் என்னா சொல்லணும்? குழாய விடச் சொல்லணும். சொன்னேன். 'விடுறா, விடு, விடு!'ன்னு கத்துனேன்."

"அவன் விடலியா?"

"விட்டான்." தீபன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "குழாய இல்ல. காடிய விடுவோம்ல, அந்த மாதிரி விட்டான். கம்பிய இழுத்துப் புடிச்சுக்கிட்டு இன்னும் வேகமா வந்தான்."

எங்கள் பேச்சில் 'காடிய விடு' என்றால் காரை ஓட்டு. 'மோட்டார விடு' என்றால் முறுக்கு. சின்ன வயதிலிருந்து மோட்டார் பின்சீட்டில் உட்கார்ந்து தீபன் கோலினிடம் ஆயிரம் தடவை சொன்ன சொல் அது. ஆயிரம் தடவையும் கோலின் வேகத்தைக் கூட்டியிருக்கிறான். அன்றும் கூட்டினான்.

கோலினின் வலது மேல்கைக்குள் இப்போது ஓர் உலோகத் தகடு இருக்கிறது. இன்னொரு முறை அதே இடத்தில் உடைந்தால் கை தோளுக்கு மேலே எழாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பறப்பதை நிறுத்து என்றும் சொன்னார். கோலின் முதல் வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

ஆகவே இந்தக் கதையின் கேள்வி இதுதான், மறைக்க ஒன்றுமில்லை: அவன் மறுபடி பறப்பான். அக்காவின் தையல் அந்தக் கையைக் காப்பாற்றுமா?

3

'விடு' என்ற சொல்லைக் குறைசொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் பிழைப்பே அதன் தயவில் நடக்கிறது. எழுதிவிடு, அழித்துவிடு, கொன்றுவிடு. எந்த வினையின் வாலிலும் ஒட்டிக்கொண்டு வேலையை முடித்துத் தரும் சொல். காகிதத்தில் இவ்வளவு நம்பகமான சொல், தரைக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் கையை உடைத்திருக்கிறது.

கையில் தூளிக்கட்டோடு கோலின் வெளியே நடமாடத் தொடங்கிய வாரம், காப்பிக் கடை ஒன்றில் கூடினார்கள். ரேடியோவுக்கு ஒரு புதுச் சொல் தேட வேண்டும். 'எழுதுறவரு, நல்ல சொல்லா எடுத்துக் குடுப்பாரு' என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"மலாய்ல வச்சுக்கலாம்லா," என்றான் தீபன். "லெப்பாஸ். விடுன்னுதானே அர்த்தம்?"

"லெப்பாஸ்னா 'அப்புறம்'னும்தான் அர்த்தம்," என்றான் கோலின். "நீ லெப்பாஸ்னு கத்துவ. நான் 'அப்புறம் என்னாடா'ன்னு கேட்டுக்கிட்டே குத்துவேன்."

"சரி, இங்லீஷ். லெட் கோ."

ஜோசலின் வெள்ளைக் காப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்: "பட்டன அமுக்குனதும் ரேடியோ மொத வார்த்தைய எப்பவும் முழுங்கிரும். அவனுக்குக் கேக்கப்போறது 'கோ' மட்டும்தான்."

"அலாமாக்!" தீபன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் நல்ல தமிழில், தெளிவான உச்சரிப்பில், "கைவிடு," என்றேன்.

கோலின் சிரித்ததில் தூளிக்கட்டு குலுங்கியது. "அண்ணே, 'ஆண்டவரே என்னைக் கைவிடாதேயும்'னு வாராவாரம் கோயில்ல முட்டிபோட்டு அழுவுறேன். நீங்க ரேடியோல கைவிடுங்கிறீங்க!"

"பாம்புன்னு கத்துறேன்டா மச்சான். தானா கைய எடுத்துருவ."

"பாம்பு கீழ இருந்தா நான் ஏன்டா குழாய விடுறேன்? இன்னும் இறுக்கித்தான் புடிப்பேன்."

"வார்த்தைய விடுங்க," என்றாள் ஜோசலின். அவள் அந்தச் சொல்லை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்பதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. "டேய், நீ விடமாட்ட. சின்னப் புள்ளேலேருந்து எதையும் விட்டதில்ல. பல்லி வாலக்கூட விடமாட்ட. நீ பாட்டுக்குப் புடிச்சுக்கிட்டே இரு. குழாய் உன்னைய விடட்டும்."

மூடிய கைக்குள்ளிருந்து காப்பிக் கரண்டியை உருவிக் காட்டினாள்.

"பழைய மோட்டார்ல ஹேண்டில் ரப்பர் மழை பேஞ்சா கையோட உருவிக்கிட்டு வரும்ல? அதுதான்."

4

ஜோசலினின் யோசனையை என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொல்கிறேன். பக்கக் குழாய்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை. வெளிப்பக்கம் கை வழுக்காத ரப்பர், உள்பக்கம் வழவழப்பான நைலான். உறையின் மேல்விளிம்பு, குழாயில் இறுக்கிய ஒரு வளையத்தோடு நூலால் தைக்கப்பட்டிருக்கும். நூல் இருக்கும்வரை உறை அசையாது. பைலட் குழாயையே பிடித்திருப்பதாக நினைப்பார். கையை முறுக்கி உடைக்கிற அளவுக்கு இழுவிசை வந்தால் நூல் அறும். உறை குழாயைச் சுற்றித் திரும்பும், கீழே வழுக்கும். பிடித்த கை பிடித்தபடியே இருக்கலாம். எலும்பை முறுக்க எதிரே ஒன்றும் இருக்காது.

[இங்கே கோலினுக்கு பமேலா என்ற மனைவியை எழுதியிருந்தேன். நிஜத்தில் அவன் கல்யாணம் ஆகாதவன். ஆபத்தான பொழுதுபோக்கு உள்ள ஆணுக்கு, வாசலில் நின்று கவலைப்படும் ஒரு மனைவி வேண்டும் என்று என் பேனா தானாக முடிவு செய்துவிட்டது. ஆனால் பமேலா வாசலில் நிற்கவில்லை. நேராகக் குஷன் கடைக்கு வந்து, உறையைக் கையில் வாங்கிப் பார்த்து, ஜோசலினிடம் சொன்னாள்: "மெத்த வச்சுக் குடுத்தீங்கன்னா இன்னும் உசரத்துலேருந்து விழுவாரு. அவ்வளவுதான் அக்கா."

அவள் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க ஒரு வாரம் முயன்றேன். முடியவில்லை. அவளை வைத்துக்கொண்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். எடுத்துவிட்டேன். இதை வாசகர்களிடம் மறைக்காமல் இருப்பது அவளுக்கு நான் செய்கிற குறைந்தபட்ச மரியாதை.]

பமேலா போனபின், அவள் சொன்னதையே கேள்வியாக்கி ஜோசலினிடம் நானே கேட்டேன். யாரோ கேட்டதுபோல.

"கேட்டது பொம்பளையா?" என்றாள்.

"ஆமா."

"விவரமான ஆளு." ஊசியை மாற்றிக்கொண்டே சொன்னாள்: "அவன் பறக்குறதுக்கு நான் தைக்கல அண்ணே. நான் தைக்காட்டியும் பறப்பான். விழுறதுக்குத்தான் தைக்கிறேன்."

5

டத்தோவை அறிமுகப்படுத்த வேண்டும். சாக்கில் மணல் அடைத்து, கோலினின் எடைக்குச் சரியாகத் தைத்த பொம்மை. பெரிய வயிறு. தானாக ஒன்றும் செய்ய மாட்டார், மற்றவர்கள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும், போகிற இடமெல்லாம் முன்வரிசை. பெரிய மனிதர்களுக்குச் சுல்தான் கொடுக்கிற அந்தப் பட்டத்தை இதற்குக் கொடுத்தவன் தீபன். இரண்டு கைகளுக்குள்ளும் எலும்புக்குப் பதில் துடைப்பக் கட்டை. கட்டை உடைந்தால் கை உடைந்ததாக அர்த்தம்.

விளம்பரப் பலகை நிலத்தின் ஓரத்தில் ஒரு சரிவு இருக்கிறது. துணியில்லாத பழைய கிளைடர்ச் சட்டத்தைத் தள்ளுவண்டியில் பொருத்தினார்கள். டத்தோவைச் சட்டத்தில் தொங்கவிட்டு, அவர் கைகளை உறைகளோடு சேர்த்துக் கட்டினார்கள். வண்டி சரிவில் உருண்டு, கீழே குவித்த மண்மேட்டில் மோத வேண்டும்.

"டத்தோ சியாப்பா, ரெடியா?" என்று தீபன் கேட்டான்.

"டத்தோ எப்பவுமே சியாப்தான். மக்கள்தான் லேட்டு," என்றான் கோலின். கட்டு அவிழ்த்திருந்தான். வலது கையை இடது கையால் பிடித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

வண்டி உருண்டது. மோதியது. மணல் பறந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு சத்தங்கள் கேட்டன, கிட்டத்தட்ட ஒன்றாக. உலர்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். இரண்டு கட்டைகளும் உடைந்திருந்தன. உறைகள் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. ஒரு நூல்கூட அறவில்லை.

ஜோசலின் மண்டியிட்டுத் தையலைத் தடவிப் பார்த்தாள். கடையில் நான் பார்த்த அதே நூல், அதே மாதிரி உறை. தையல் முடிகிற இடத்துக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. அந்த இடம் தடித்திருந்தது.

"கெட்டி போட்டிருக்கேன்," என்றாள்.

தைக்கிறவர்களுக்குத் தெரியும். தையல் முடிகிற இடத்தில் நூல் பிரியாமல் இருக்க, மிஷினைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, அதே இடத்தில் மறுபடியும் அடிப்பார்கள். அதுதான் கெட்டி. சோதனைக்காகக் கடையில் ஒவ்வோர் உறையையும் அவள் கையால், ஊசி நூலில் தைத்திருந்தாள். இந்த இரண்டும் கடைசி உருப்படிகள், அழகாக வரட்டும் என்று மிஷினில் அடித்தவை. மிஷினில் உட்கார்ந்ததும் அவள் கை தானாகப் பின்னோட்டும் நெம்பை அழுத்தியிருக்கிறது. எந்த ஞாபகமும் இல்லாமல். அத்தனை வருஷத் தொழில் அந்த ஒரு விரற்கடை இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"ஒந் தையல் அறாதுன்னு ஊரே சொல்லுது அக்கா," என்றான் கோலின். "டத்தோவுக்குத்தான் தெரியாம இருந்துச்சு."

தீபன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஜோசலின் சிரிக்கவில்லை. டத்தோவின் வலது கையை எடுத்து, சாக்குக்குள் உடைந்த கட்டை எங்கே இருக்கிறது என்று விரலால் தேடினாள். தோளுக்குக் கொஞ்சம் கீழே. கோலினுக்குத் தகடு வைத்த இடம். 

[இந்த இடத்தில் அவளை அழவைத்த ஒரு வரி இருந்தது. அவள் அழவில்லை. எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "வீட்டுக்குப் போலாம்," என்றாள்.]

அடுத்த முறை நான் கடைக்குப் போனபோது மிஷினின் பின்னோட்டும் நெம்பு ரப்பர் பட்டையால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. தையல் முடிகிற இடம் வரும்போதெல்லாம் அவள் கட்டைவிரல் அந்த நெம்பைத் தேடிப் போனது, பட்டையில் முட்டித் திரும்பி வந்தது. உறையை எடுத்துக் காட்டினாள். கடைசித் தையலுக்குப் பிறகு நூல் முனை சும்மா தொங்கியது.

"பாக்கவே அசிங்கமா இருக்கு அண்ணே," என்றாள். "வேற யாராச்சும் இப்படி தச்சுக் குடுத்தா மூஞ்சில வீசியிருப்பேன்."

அந்த அசிங்கம், டத்தோவின் அடுத்த பயணத்தில் அறுந்தது. இரண்டு உறைகளும் சுழன்று கீழே வழுக்கின. டத்தோ தலைகுப்புற மண்ணில் கிடந்தார். கைக்கட்டைகள் முழுசாக இருந்தன. தீபன் டத்தோவைத் தூக்கி நிறுத்தி வைத்துக் கட்டிப்பிடித்தான். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, டத்தோவின் காதிருக்கும் இடத்தில் மெதுவாக ஏதோ சொன்னான். நான் பார்த்தேன். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

6

இங்கே கதையை முடிக்கலாம். முடித்தால் அது பாதிப் பொய்.

நூல் அறுவதை மட்டும் பார்த்தோம். அறாமல் இருப்பதையும் பார்க்க வேண்டும். இறங்குகிறபோது பைலட் குழாய்களை முழு பலத்தோடு தள்ளுவான் என்று சொன்னேன் அல்லவா? அந்தத் தள்ளலில் நூல் அறுந்தால், கையைக் காக்க வந்த உறையே அவனைத் தரையில் குத்தும். ஆகவே, கோலினின் மிகப் பலமான தள்ளலுக்கும் எலும்பை உடைக்கும் இழுப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் அவள் தையல் நிற்க வேண்டும். கடையில் சட்டத்தைச் சுவரோடு கட்டி, கோலினைத் தள்ளச் சொன்னாள். அறுந்தது. ஒரு தையல் கூட்டினாள். அறுந்தது. இன்னும் ஒன்று. இந்த முறை அவன் முகம் சிவக்கத் தள்ளியும் உறை அசையவில்லை. அதே தையலை டத்தோவுக்குப் போட்டார்கள். அறுந்தது. இடைவெளி கிடைத்துவிட்டது.

"இங்க நின்னு தள்ளுறது வேற," என்றாள் ஜோசலின். "பயத்துல தள்ளுறது வேற. பயந்தா உனக்கு எவ்வளவு பலம் வரும்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாதுலா," என்றான் கோலின். முதல் தடவையாகக் கேலி இல்லாமல்.

அந்தத் தெரியாமையைக் கதையில் எப்படித் தீர்ப்பது? மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: கோலின் விழுகிறான், நூல் அறுகிறது, கை பிழைக்கிறது. எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டுகிறான். [படித்துப் பார்த்தால் குஷன் கடைக்கு எழுதிய விளம்பரம்போல இருக்கிறது.]

முடிவு ஆ: கோலின் தள்ளுகிறான், பயம் கடையில் இருந்ததைவிடப் பலமாக இருக்கிறது, குழாயிலிருந்து உறை [இதற்குமேல் எழுதவில்லை. எழுதினால் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும் என்று ஒரு குரல் சொன்னது. சோகமாக இருப்பதெல்லாம் உண்மை என்று நம்புகிற குரல் அது. அதை எனக்கு நீண்ட நாளாகத் தெரியும்.]

முடிவு இ: கோலின் அழகாக இறங்குகிறான். நூலுக்கு வேலையே வரவில்லை. பாதுகாப்புக் கருவிக்கு நடக்கக்கூடிய மிக நல்ல விஷயம், அதற்கு ஒன்றும் நடக்காமல் இருப்பது. கதைக்கு நடக்கக்கூடிய மிக மோசமான விஷயமும் அதுவே.

மூன்றையும் கடையில் படித்துக் காட்டினேன். தீபன் யோசிக்காமல் 'அ' என்றான். கோலின், "எதாச்சும் ஒன்னு வச்சுக்குங்க அண்ணே, என்னைய மேலயே விட்டுட்டு நிறுத்திறாதீங்க. பெட்ரோல் இல்ல, வெறும் காத்து," என்றான்.

ஜோசலின் என் மோட்டார் சீட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு மட்டும் நெம்பின் கட்டை அவிழ்த்திருந்தாள். தையல் முடிகிற இடம் வந்தது. மிஷின் பின்னால் போய் முன்னால் வந்தது. கெட்டி விழுந்தது. நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கதைக்குக் கெட்டி போடாதீங்க," என்றாள். "போட்டா டத்தோ கையி மாதிரிதான்."

7

இது நான் அங்கே இருந்து பார்த்தது.

காலை. மேட்டின் உச்சியில் கோலின் வார்களை மாட்டி, தொங்கிப் பார்த்து, ஹெல்மெட்டைப் பூட்டிக்கொண்டான். பக்கக் குழாய்களில் புது உறைகள். இரண்டின் மேல்விளிம்பிலும் ஒரு நூல் முனை காற்றில் ஆடியது. அவன் அதை விரலால் தொட்டுச் சிரித்துவிட்டு, சரிவில் ஓடி, ஓடுகிற கால்கள் தரையைத் தேடும்போதே மேலே போய்விட்டான்.

நாங்கள் பிக்-அப்பில் கீழே வந்தோம். விளம்பரப் பலகை ஓரத்தில், மூங்கில் கம்பில் ஒரு பழைய கைலி கட்டியிருந்தது. காற்றின் திசைக்கு அதுதான் அடையாளம். தீபன் வாக்கி-டாக்கியை ஜோசலின் கையில் திணித்தான்.

"நீயே வச்சுக்க அக்கா. நான் பேசமாட்டேன்."

"நான் என்னா பேசுறது?"

"தெரியல. நான் பேசமாட்டேன்."

கோலின் எண்ணெய்ப்பனைகளுக்கு மேலே ஒரு பெரிய வட்டம் அடித்தான். பிறகு சின்ன வட்டம். பிறகு நிலத்தை நோக்கித் திரும்பினான். அப்போது கைலி தொய்ந்தது. கம்போடு ஒட்டிக்கொண்டது. மறுபடி எழுந்தபோது எதிர்ப்பக்கம் பறந்தது.

"அக்கா," என்றான் தீபன். "காத்து திரும்பிருச்சு. அன்னிக்கி மாதிரியே. பின்னாலேருந்து தள்ளுது."

"பாத்துட்டேன்."

"எதாச்சும் சொல்லு."

"என்னான்னு சொல்ல?"

தீபன் வாயைத் திறந்தான். அந்தப் பழைய சொல் அவன் தொண்டைவரை வந்தது எனக்குத் தெரிந்தது. உள்ளங்கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

கோலின் நிமிர்ந்துவிட்டான். கைகள் அடிக்குழாயிலிருந்து பக்கக் குழாய்களுக்கு ஏறின. ஜோசலினின் கட்டைவிரல் வாக்கி-டாக்கியின் பட்டன்மேல் இருந்தது. மிஷினில் நெம்பைத் தேடிப் போன அதே விரல். பட்டனை அமுக்கவில்லை. பிறகு மேலே நகர்ந்து, திருகை முழுசாகத் திருப்பியது. டிக்கென்று சத்தம். சிவப்பு விளக்கு அணைந்தது.

"அவனுக்கு இப்ப ரெண்டு கையி போதும்," என்றாள். "காதுக்கு வேலையில்ல."

விளம்பரப் பலகையில் சிரிக்கிற மனைவியைப் பார்த்தேன். இவ்வளவு நாளும் கவனிக்கவில்லை. பமேலாவை எழுதியபோது நான் கொடுத்த முகம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அவள் கோலினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுப்பியது இன்னும் சரியான கேள்விதான். ஜோசலின் சொன்னதும் சரியான பதில்தான்.

அடுத்து நடந்தது எனக்குத் தெரியும். அங்கே இருந்தேன், பார்த்தேன். ஆனால் அந்தத் தரைக்கும் கோலினுக்கும் நடுவில் நான் வைக்கிற ஒவ்வொரு வாக்கியமும் ரேடியோவில் கத்துகிற இன்னொரு சொல்தான். வாக்கி-டாக்கி இதோ இருக்கிறது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். திருகு மேலே, பட்டன் பக்கவாட்டில். முதல் வார்த்தையை அது முழுங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம். சொல்வதாக இருந்தால், ஒரே ஓர் அர்த்தம் உள்ள சொல்லாகத் தேடிச் சொல்லுங்கள். எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அந்தத் தையலின்மேல் நம்பிக்கை இருக்கிறது. என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

கைலி அவன் போகிற திசையிலேயே பறக்கிறது. கிளைடரின் நிழல் புல்லின்மேல் அவனுக்கு முன்னால் ஓடி வருகிறது. இரண்டு கைகளும் அக்கா தைத்த உறைகள்மேல். நூல் முனைகள் ஆடுகின்றன.

கோலின் தள்ளுகிறான்.